ஸ்கோப்பில் புண் இல்லை, ஆனால் வலி இருக்கிறது

போன மாதம் சிக்மாய்டோஸ்கோப்பி எடுத்தேன், கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலின் கீழ்ப்பகுதியைப் பார்க்கிற பரிசோதனை அது. எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், பெருங்குடலின் உள்சுவர் தானாகவே அழன்று புண்ணாகிற நோய், இது ஏழாவது வருஷம். முழுக் கொலனோஸ்கோப்பி மாதிரி இல்லாமல் இந்தச் சின்ன ஸ்கோப்பை எனக்கு மயக்க மருந்து இல்லாமலேயே எடுத்தார்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு டாக்டர் பார்க்கிற அதே திரையை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிர் ரோஜா நிறத்தில் சுவர், அதற்குள் இலை நரம்பு மாதிரி மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகள். அந்தக் கோடுகள் தெரிந்தாலே நல்ல செய்தி, அழற்சி இருக்கும்போது வீக்கத்தில் அவை மறைந்துபோகும். "பாருங்கம்மா, எவ்வளவு அழகா ஆறியிருக்கு" என்றார் டாக்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் பயாப்சி எடுத்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு சின்ன இடுக்கி ஸ்கோப்பின் நுனியிலிருந்து வந்து, வாய் திறந்து, சுவரைக் கவ்வி, ஒரு துணுக்கைப் பிய்த்தது. அந்த இடத்தில் ரத்தம் பொட்டு வைத்த மாதிரி துளிர்த்தது. நான்கு இடத்தில் இப்படி, என் சதையைத்தான் பிய்க்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தும் எனக்கு எதுவுமே தெரியவில்லை, ஒரு எறும்பு கடித்த அளவுக்குக்கூட இல்லை.

கடைசியில், "வளைவைப் பார்க்கணும், கொஞ்சம் காற்று விடுறேன்" என்றார். காற்று உள்ளே போனதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் சுருட்டிப் பிடித்து, முதுகு வரைக்கும் இழுத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, அதே வலி. நோய் உச்சத்தில் இருந்தபோது ராத்திரி பாத்ரூம் தரையில் உட்காரவைத்த அதே வலி. டாக்டர் உடனே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, "இந்த அளவுக்கு இவ்வளவு வலிக்கக்கூடாதே" என்றார். அவர் என்னை நம்பாமல் சொல்லவில்லை, யோசித்துக்கொண்டு சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏனென்றால் இதற்கு முன் இரண்டு வருஷம் நான் கேட்டதெல்லாம் வேறு. மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு பரிசோதனை உண்டு, அழற்சி இருக்கும் குடலுக்குள் வந்து குவிகிற வெள்ளை அணுக்களின் புரதம் அது. பொதுவாக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். நோய் முற்றியிருந்தபோது எனக்கு 800-ஐத் தாண்டியிருந்தது, இப்போது 38. ஆனாலும் சாப்பிட்ட அரை மணியில் வயிறு உப்பி முறுக்குகிறது, வெளியூர் பஸ்ஸில் ஏறவே பயம். ஒரு இடத்தில் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் நேர் எதிர், வலி என்று சொன்னதுமே நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்கள். முகம் வீங்கியது, தூக்கம் போனது, சர்க்கரை ஏறியது. வலி மட்டும் இம்மியும் நகரவில்லை.

இரண்டு இடத்திலும் அடிப்படையில் ஒரே எண்ணம்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வலி இருந்தால் புண் இருக்க வேண்டும், புண் இல்லையென்றால் வலியும் இருக்க முடியாது. குடல் விஷயத்தில் இந்தக் கணக்கு சரிவராது. ஸ்கோப் அறையில் நான் பார்த்ததே அதற்குச் சாட்சி, பிய்த்தபோது வலிக்காத சுவர் ஊதியபோது துடித்தது.

குடலின் நரம்புகள் தோலின் நரம்புகள் மாதிரி அமைந்தவை இல்லை. தோலைக் கிள்ளினால், வெட்டினால், சுட்டால் எந்த இடம் என்று துல்லியமாகத் தெரியும். குடல் பெரும்பாலும் விரிவதையும் இழுபடுவதையும்தான் வலியாகச் சொல்லும், அதையும் இங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாத மாதிரி பொத்தாம்பொதுவாகச் சொல்லும். வயிற்று வலிக்காரர்கள் டாக்டரிடம் உள்ளங்கையை விரித்து வயிறு முழுக்கத் தடவிக் காட்டுவது அதனால்தான். நம் ஊரில் "சுருட்டிப் பிடிக்குது", "முறுக்குது", "இழுத்துப் பிடிக்குது" என்றுதானே சொல்கிறோம், யாரும் குடல் "எரிஞ்சு அறுபடுது" என்று சொல்வதில்லை. அந்தச் சொற்கள் சரியாகத்தான் பிறந்திருக்கின்றன.

இதில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது, குடலின் உணர்வு நரம்புகளில் ஒரு பங்கு சாதாரண நாளில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது. எலிகளின் பெருங்குடலில் எண்ணிப் பார்த்ததில் ஏறக்குறைய கால் பங்கு நரம்பிழைகள் குடலை இழுத்தாலும் அழுத்தினாலும் வாயே திறப்பதில்லை. அழற்சி வந்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. வீங்கிய திசுவில் ஊறுகிற புரோஸ்டாகிளாண்டின், ஹிஸ்டமின், செரட்டோனின், நரம்பு வளர்ச்சிக் காரணி எல்லாம் அந்த இழைகளை உசுப்பிவிடுகின்றன, ஏற்கெனவே விழித்திருந்த இழைகளும் முன்பைவிட லேசான தூண்டலுக்கே கத்த ஆரம்பிக்கின்றன. அழற்சி இருக்கும் வரைக்கும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது, புண்பட்ட உறுப்பைக் காபந்து பண்ணும் ஏற்பாடு அது. சிக்கல் என்னவென்றால், புண் ஆறிய பிறகும் சிலருக்கு அந்த இழைகள் திரும்பத் தூங்கப் போவதில்லை. அதோடு, தொடர்ந்து வலிச் செய்தி வாங்கி வாங்கி முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்பணுக்களும் சின்னச் செய்தியைப் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பப் பழகிவிடுகின்றன.

கஞ்சி வடிக்கும்போது கையில் ஆவி பட்டிருக்கிறதா? அன்றைக்குச் சாயந்திரம் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால்கூடக் கை சுரீரென்று எரியும். தண்ணீரில் சூடு இல்லை, தோல் அந்த நிலைமையில் இருக்கிறது. அந்தத் தோல் ஆறி, தழும்பும் மறைந்து, இரண்டு வருஷம் கழித்தும் வெதுவெதுப்பான தண்ணீர் அப்படியே எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் குடல் இருக்கும் நிலை அதுதான்.

இந்தச் சூட்டு விஷயத்துக்கு ஒரு பெயரே இருக்கிறது. டிஆர்பிவி1 என்பது நரம்பின் முனையில் இருக்கும் ஒரு புரதக் கதவு. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டம் படபூட்டியனோடு சேர்த்து. அவர்கள் தேடியது மிளகாயின் காரம் நரம்பில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்பதை. அந்தக் கதவு 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கும், மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் திறக்கும், காரம் "சுடுகிறது" என்று நாக்கு சொல்வது இதனால்தான். அழற்சியின் ரசாயனங்கள் ஊறிய நரம்பில் இந்தக் கதவு இளகிப்போய், உடம்பின் சாதாரணச் சூட்டுக்கே திறக்கிற அளவுக்கு வந்துவிடும்.

லண்டனில் அக்பர் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2008-இல் ஐபிஎஸ் நோயாளிகளின் குடல் துணுக்குகளைப் பார்த்தபோது, இந்தக் கதவு உள்ள நரம்பிழைகள் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு இருந்தன. ஐபிஎஸ் என்றால் புண்ணோ வீக்கமோ ஸ்கோப்பில் தெரியாமல் வலியும் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலுமாக வதைக்கும் குடல் நோய். இரண்டு வருஷம் கழித்து அதே குழு என் மாதிரி ஆட்களைப் பார்த்தது, அதாவது குடல் அழற்சி நோய் அடங்கிய பிறகும் வலிக்கிறவர்கள். அவர்களிடமும் இந்த இழைகள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நோய் அடங்கி, வலியும் இல்லாதவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஸ்கோப் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, மைக்ரோஸ்கோப்பில் சாயம் ஏற்றினால் தெரிகிற ஒன்று, அங்கே இருக்கிறது. நான் கற்பனை பண்ணவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குடல் அழற்சி நோய் அடங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்த மாதிரித் தொந்தரவு தொடர்கிறது. மூன்றில் ஒருவர் என்றால் அது சின்னக் கூட்டம் கிடையாது.

மிளகாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரக் குழம்பு சாப்பிட்டு வலி வந்தால், "திரும்பப் புண்ணாயிடுச்சு" என்று அம்மா பதறுவார். காரம் என் குடலை அறுக்கவில்லை, ஏற்கெனவே இளகி நிற்கும் கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். அதற்காகக் காரம் சாப்பிடுங்கள் என்று சொல்ல வரவில்லை, நானும் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள் வத்தக்குழம்பு சாப்பிட்டதற்காக நோயைத் திரும்ப வரவழைத்துவிட்டோமோ என்று ராத்திரி முழுக்க விழித்துக்கிடக்கும் குற்றவுணர்ச்சி எனக்கு இப்போது இல்லை.

சரி, புண் வந்தவர்களுக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு முறை வந்த வயிற்றுப்போக்கு போதும். இதற்குக் கனடாவில் ஒரு ஊரே சாட்சியாக இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று சுமார் 4,800 பேர் வாழ்ந்த சின்ன ஊர். 2000 மே மாதம் பெருமழை பெய்து, மாட்டுச் சாணம் போட்டிருந்த நிலத்திலிருந்து ஓடிவந்த தண்ணீர் ஊருக்குக் குடிநீர் தரும் கிணற்றில் கலந்துவிட்டது. குளோரின் ஒழுங்காகப் போடப்படவில்லை, சோதனை முடிவு கெட்டது என்று தெரிந்தும் ஊருக்குச் சொல்லவில்லை. ஈ.கோலை, கேம்பைலோபேக்டர் இரண்டும் குழாய்வழியே வீடு வீடாகப் போயின. 2,300 பேருக்கு மேல் படுத்தார்கள், 7 பேர் செத்துப்போனார்கள்.

மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஷல், ஸ்டீபன் காலின்ஸ் முதலானவர்கள் அந்த மக்களை வருஷக்கணக்கில் விடாமல் பார்த்துவந்தார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து, அந்தச் சமயத்தில் வயிற்றுப்போக்கே வராதவர்களில் 10.1 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் இருந்தது. வந்தது என்று மருத்துவக் குறிப்போடு உறுதியானவர்களில் 36.2 சதவீதம். கிருமி உடம்பை விட்டுப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் மூன்றில் ஒருவருக்கு மேல் வயிறு பழையபடி ஆகவில்லை. எட்டாவது வருஷத்தில் மறுபடி கணக்கெடுத்தபோது, அன்றைக்கு வயிற்றுப்போக்கு வந்தவர்களில் 15.4 சதவீதம் பேருக்கு இன்னும் இருந்தது. நான் இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்கிறேன். எட்டு வருஷம் கழித்தும் விடவில்லையே என்று வயிற்றைக் கலக்குகிறது, பாதிப்பேருக்குச் சரியாகிவிட்டதே என்று தெம்பாகவும் இருக்கிறது.

கல்யாண வீட்டில் சாப்பிட்டு ஃபுட் பாய்சன் ஆனது, அதிலிருந்து வயிறே சரியில்லை என்று சொல்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். என் சித்தி பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

கிருமி போன பிறகும் உள்ளே என்னதான் நடக்கிறது? பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கீ புக்ஸ்டான்ஸ் குழு 2021-இல் நேச்சர் இதழில் ஒரு பதில் சொன்னது. எலிகளுக்குக் குடல் தொற்றை உண்டாக்கி, அதே நாட்களில் முட்டைப் புரதம் ஒன்றையும் கொடுத்தார்கள். தொற்று முழுதாகக் குணமான பிறகு அந்தப் புரதத்தை மறுபடி கொடுத்தால் எலியின் குடல் விரிவுக்கு அதிகமாகத் துடித்தது, தொற்று வராத எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொற்றின் கலவரத்தில் குடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அந்த உணவையும் எதிரிப் பட்டியலில் எழுதிவைத்துவிட்டது. அதுவும் குடலுக்குள் மட்டும், ரத்தத்தில் தேடினால் அலர்ஜி இருப்பதாகவே காட்டாது. அதன் பிறகு அந்தச் சாப்பாடு வரும்போதெல்லாம் மாஸ்ட் செல் என்னும் அணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன, ஹிஸ்டமின் பக்கத்து நரம்பை உசுப்புகிறது. உசுப்புவது எதன் வழியாக? மேலே சொன்ன அதே டிஆர்பிவி1 கதவு வழியாக. மனிதர்களிலும் பார்த்தார்கள். ஐபிஎஸ் உள்ள 12 பேரின் குடல் சுவரில் பால், கோதுமை, சோயா மாதிரி சாதாரண உணவுகளின் சாறைத் துளியளவு ஊசியால் போட்டபோது, 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்கு அந்த இடம் தடித்தது. ஆரோக்கியமானவர்கள் 8 பேரில் இரண்டு பேருக்குத்தான் அப்படி. சின்ன ஆய்வுதான், இதை வைத்துக்கொண்டு யாரும் தானாகப் பாலையும் கோதுமையையும் நிறுத்திவிடக்கூடாது. ஆனால் "எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்கல" என்று சொல்கிறவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதற்கு இனிமேல் யாருக்கும் உரிமை இல்லை என்பேன்.

டென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்குக் கோபம், விஷயமே பொய் என்று சொல்ல மாட்டேன். 1999-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த ஆய்வில், வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே மனக்கவலையும் சமீபத்திய வாழ்க்கைச் சிக்கல்களும் அதிகம் இருந்தவர்களுக்குத்தான் பிறகு ஐபிஎஸ் நிலைப்பது கூடுதலாக இருந்தது. அதே ஆட்களின் குடலில் அழற்சியின் தடயமும் நீடித்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன, மனசா குடலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான கேள்வி. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் வலிச் செய்தியை அமுக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். பயத்தில் இருக்கிற ஆளுக்கு அவை கூட்டத்தான் செய்யும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்கு வயிறு முறுக்குவது இந்தப் பாதையில்தான். அதையும் நான் வலி என்றுதான் சொல்வேன், வேறு பெயர் அதற்கு இல்லை.

ஸ்கோப் எடுத்த டாக்டர் 1973-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சி என்பவர் செய்ததைச் சொன்னார். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் ஒரு பலூனை வைத்து 60 மில்லி அளவுக்கு ஊதினால், மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் வலித்தது, ஐபிஎஸ் உள்ளவர்களில் 55 சதவீதம் பேருக்கு வலித்தது. 60 மில்லி என்பது அரை டம்ளர் காப்பிகூட இல்லை. "உங்களுக்கு இன்னைக்கு நடந்தது அதுதான்மா" என்றார். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்த ஒன்று என் காதுக்கு வந்துசேர ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

அழற்சியை அடக்க நான் சாப்பிட்டுவரும் மெசலமைன் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார், அதை நிறுத்தினால் புண்ணே திரும்பிவிடலாம். வலிக்கு என்று ராத்திரி படுக்கும்போது அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மருந்துக் கடைத் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது டிப்ரஷன் மாத்திரைக்கா, யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்டான், கியூவில் பின்னால் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் அத்தையும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உனக்கு எதுக்கும்மா இது?" என்றார். விளக்கமாகச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். மனச்சோர்வுக்கு இந்த மாத்திரையை இதைவிடப் பல மடங்கு அளவில் கொடுத்தார்கள். 10, 20, 30 மில்லிகிராம் என்கிற சின்ன அளவில் இது நரம்பு வலியை அடக்குகிற வேலையைச் செய்கிறது. இங்கிலாந்தில் ஐபிஎஸ் உள்ள 463 பேரிடம் அட்லாண்டிஸ் என்ற பெயரில் இதைச் சோதித்து, 2023-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஆறு மாதத்தில் தெளிவான குறைவு தெரிந்தது. அது ஐபிஎஸ் நோயாளிகளிடம் செய்தது, கொலைடிஸ்காரர்களிடம் இல்லை, அதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. கேட்காமல் யாரும் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். தலைவலி, மூட்டுவலி என்று நாமாக வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனக் மாதிரி மாத்திரைகளும் வேண்டாம், என் மாதிரி ஆட்களுக்குக் குடலில் நோயைத் திரும்பக் கிளப்பிவிடக்கூடியவை அவை.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு எல்லா வலியும் நரம்பு வலிதான் என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது. மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் உடனே போய்க் காட்ட வேண்டும். எனக்கும் வலி கூடினால் முதலில் கால்புரோடெக்டின்தான் பார்ப்போம். அது ஏறியிருந்தால் வைத்தியம் ஒரு வழி, ஏறவில்லையென்றால் வேறு வழி. அந்தச் சின்ன டப்பாவை லேபில் கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் வீணாக்கிய மாதங்கள் உண்டு.

மாத்திரை ஆரம்பித்து இருபத்தாறு நாள் ஆகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் குறித்து வைக்கிறேன். வலி எத்தனை மணிக்கு, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், உப்புசமா முறுக்கா, அன்றைக்கு ராத்திரி தூங்கினேனா. முதல் வாரத்தில் வலி இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. போன வாரத்தில் மூன்று. நேற்று இவரோடு பஸ்ஸில் திண்டுக்கல் வரை போய் வந்தேன், போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன், கதவுக்குப் பக்கத்து சீட்டைத் தேடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் 14-ஆம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டும், நோட்டைக் கையோடு எடுத்துப்போகிறேன். சித்தியையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.